மேகம் மூடும் மலையில் தூய ஆற்றல் ஆராய்ச்சிக் கூடம் எதற்கு?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டில் பல்கலைக்கழகங்கள் தூய ஆற்றல் ஆராய்ச்சிக்கென்றே தனிக் கட்டடம் கட்டி, சுற்றுவட்டாரத் தொழில்களையும் உள்ளூர் நிர்வாகத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்களாம். அப்படி ஒன்று நீலகிரிக்கு வந்தால் நமக்கு என்ன பிரயோசனம்? வருஷத்தில் பாதி நாள் மேகம். சோலார் ஆராய்ச்சியைக் கோயம்புத்தூரிலேயே வைத்துக்கொண்டால் போதாதா? என் மகள் மூன்றாம் ஆண்டு மின்பொறியியல் படிக்கிறாள். அவளுக்கு இதில் ஏதாவது வழி உண்டா?"

மகளைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கூரையில் பேனல், உள்ளே கருத்தரங்கக் கூடம், வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு என்கிற ரகம் என்றால் தாராளமாகக் கோயம்புத்தூரிலேயே கட்டிக்கொள்ளலாம். மலையில் இடமாவது மிச்சமாகும். ஆனால் தேயிலையைக் காயவைக்கிற ஒரு ட்ரையரையும், அதற்குச் சூடான காற்று கொடுக்கிற விறகு ஹீட்டரையும் அளவுக் கருவிகளோடு ஓட்டிப் பார்க்கிற பட்டறை, அதை ஒட்டி ஒரு சின்னக் கட்டடம் என்றால், அது மலையில்தான் இருக்க வேண்டும். தேயிலை ஆலைகளில் மின்செலவு, விறகுச் செலவுக் கணக்குப் பார்க்கிற வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

நீலகிரிக்கு மின்சாரம் புதிதல்ல. அருவங்காட்டு வெடிமருந்து ஆலைக்காகக் காட்டேரி அருவியில் நீர்மின்சாரம் எடுத்தது 1900-களின் தொடக்கத்தில். பைக்காராவில் 1929-ல் வேலை ஆரம்பித்து 1932-ல் சிங்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கிளன்மார்கன் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி கீழே குழாயில் இறங்கும் தண்ணீர் அங்கே பெல்டன் சக்கரத்தை அடித்துச் சுழற்றுகிறது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக உயரமான வீழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. அந்த மின்சாரம் போனது கோயம்புத்தூர் பஞ்சாலைகளுக்கு. 1930-களில் அங்கே ஆலைகள் அடுத்தடுத்து முளைத்ததற்குப் பைக்காரா ஒரு பெரிய காரணம். பிறகு 1952-ல் மாயாறு. 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் தொடங்கி, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, கெத்தை, பில்லூர் என்று அணையும் மின்நிலையமுமாக நீண்டது. 2005-ல் 150 மெகாவாட்டில் பைக்காரா இறுதி நிலை மின்நிலையம் பூமிக்கு அடியில் வந்தது. எல்லாம் சேர்த்தால் 800 மெகாவாட்டுக்கு மேல்.

உயரத்தின் பலம் என்னவென்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 900 மீட்டர் விழுந்தால், இயந்திர இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 8 மெகாவாட் கிடைக்கும். சமவெளிக் கால்வாயில் 9 மீட்டர் வீழ்ச்சியை வைத்துக்கொண்டு இதே மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் நூறு மடங்கு தண்ணீர் வேண்டும்.

இவ்வளவு மின்சாரம் கீழே அனுப்புகிற மலை, தன் சொந்தத் தொழிலை எதை வைத்து ஓட்டுகிறது? விறகை வைத்து. ஊட்டியிலும் வெலிங்டனிலும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும், சீகை மரம் என்கிற வாட்டிலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏக்கர் ஏக்கராக நட்டதற்கு முக்கியக் காரணமே விறகுத் தேவைதான். இன்றைக்கும் குன்னூரிலோ மஞ்சூரிலோ ஒரு தேயிலை ஆலைக்குப் போய்ப் பாருங்கள். முன்னால் கொழுந்து வண்டி நிற்கும், பின்னால் விறகு லாரி நிற்கும்.

ஆகவே மலையின் ஆற்றல் கேள்வி, மின்சாரத்தைவிடச் சூட்டைப் பற்றிய கேள்வி. தூய ஆற்றல் என்றதும் எல்லாருக்கும் பேனலும் காற்றாலையும் கண்ணில் வருகின்றன. ட்ரையர் யாருக்கும் வருவதில்லை.

தேயிலைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோ தூள் எடுக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தூளில் இருக்க வேண்டியது 3 விழுக்காடு ஈரம். அதாவது ஒவ்வொரு கிலோ தூளுக்கும் மூன்றரைக் கிலோ தண்ணீரை விரட்டியாக வேண்டும். அரைப்பதற்கு முன் கொழுந்தைக் காற்று ஊதி வாடவிடுகிற வாட்டத்தில் கொஞ்சம் போகும். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி எடுக்கிற சி.டி.சி. தூளுக்கு வாட்டம் லேசாகத்தான் கொடுப்பார்கள் என்பதால், ட்ரையர் தலையில் விழுவது இரண்டே கால் கிலோ தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல். ஆக ஐந்து மெகாஜூல் சொச்சம் இருந்தால் போதும். நல்லாக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15 மெகாஜூல் அளவுக்குச் சூடு இருக்கிறது. அப்படியானால் ஒரு கிலோ தூளுக்கு முந்நூற்றைம்பது கிராம் விறகு போதுமே? ஆனால் ஒரு கிலோவும் அதற்கு மேலும் எரிகிற ஆலைகள்தான் சாதாரணம். மிச்சச் சூடு புகைபோக்கி வழியாகவும், ட்ரையரிலிருந்து வெளியேறும் காற்றோடும், கிழிந்த காற்றுக் குழாய் வழியாகவும், விறகிலேயே இருக்கும் ஈரத்தைக் காயவைக்கவும் போய்விடுகிறது.

விறகின் ஈரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதம் வெட்டவெளியில் கிடக்கும் மரத்துண்டில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அதையே கூரைக்கடியில் அடுக்கி, 20 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால், அதே மரத்திலிருந்து எட்டில் ஒரு பங்கு கூடுதல் சூடு கிடைக்கும். இது காகிதக் கணக்கு. ஈர விறகில் அடுப்புச் சூடு ஏறாமல் புகைந்தே வீணாவதையும் சேர்த்தால் உண்மையான லாபம் இதைவிடப் பெரியது. இதற்கு ஆராய்ச்சி எதற்கு, ஷெட் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஷெட் போடச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் விறகை அடுக்கிவைக்க அவ்வளவு பணத்தை முடக்க வேண்டுமே, அதற்கு ஈடாக எத்தனை டன் மிச்சமாகும் என்று குந்தா மழைக்கும் கோத்தகிரி மழைக்கும் தனித்தனியாக அளந்து காட்டினால்தான் ஆலைக்காரர் கையை அசைப்பார். அப்படி அளந்து சொல்கிற இடம் நமக்கு இல்லை.

வாட்டம் இன்னும் சுவாரசியமான விஷயம். மழைக்காலத்தில் 15 டிகிரிக் காற்று 95 விழுக்காடு ஈரப்பதத்தோடு நிற்கும். அதை எவ்வளவு நேரம் ஊதினாலும் கொழுந்து வாடாது. அதே காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அதிலிருந்து எடுக்காமலேயே ஈரப்பதம் சுமார் 61 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கொழுந்து வாடத் தொடங்கும். தேவை வெறும் ஏழு டிகிரி ஏற்றம். அந்த ஏழு டிகிரிக்காகவும் விறகைத்தான் எரிக்கிறோம், ஆயிரம் டிகிரியை ஒட்டி எரிகிற நெருப்பை வைத்து! கொசு அடிக்கக் கோடாரி எடுத்த மாதிரி. இந்த மாதிரிச் சின்ன ஏற்றத்துக்குப் பொருத்தமான கருவி ஹீட் பம்ப், அதாவது ஃப்ரிட்ஜைத் திருப்பிவைத்த மாதிரியான இயந்திரம். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் சூட்டை அது கொடுக்கும். ட்ரையருக்கு இது ஒத்துவராது, அங்கே நூறு டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் காற்று வேண்டும். வாட்டத்துக்கு ஒத்துவரும் என்றே நினைக்கிறேன். ஆனால் மஞ்சூர் மூடுபனியில் அதன் சுருளில் அழுக்கும் பூஞ்சணமும் எவ்வளவு வேகமாகப் படியும், கொழுந்துத் தூசி அடைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் கோயம்புத்தூர் ஆய்வகத்தில் தெரியாது. இங்கே இரண்டு தென்மேற்குப் பருவம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இப்போது மேகத்துக்கு வருவோம். "பாதி நாள் மேகம்" என்பது மாவட்டம் முழுமைக்கும் ஒரே மாதிரி உண்மை இல்லை. கூடலூர், தேவாலா, பந்தலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் திறக்காது. உங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. மசினகுடி மழைமறைவில் காய்கிறது. ஒரு மலையைச் சுற்றி மூன்று நான்கு வானிலை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எல்லாப் பக்கமும் நல்ல வெயில். அந்த வெயில் குளிர்ந்த வெயில் என்பது சோலாருக்குச் சாதகம். பேனல் சூடானால் உற்பத்தி குறையும், டிகிரிக்கு 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை. சமவெளியில் பேனல் 60 டிகிரிக்குக் கொதிக்கும்போது ஊட்டியில் 40-ல் நின்றால், அதே வெயிலுக்கு ஏழெட்டு விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது.

மேகமூட்டமான ஊரில் சோலார் ஆகாது என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவின் சியாட்டில் ஒரு நல்ல பதில். மழைக்கும் மூட்டத்துக்கும் பேர் போன ஊர். அங்கே 2013-ல் திறந்த புல்லிட் சென்டர் என்கிற ஆறு மாடி அலுவலகக் கட்டடம், வருஷம் முழுவதும் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தைத் தன் கூரையிலேயே எடுத்துக் காட்டியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கட்டட வடிவமைப்பு ஆய்வுப் பிரிவு ஒன்றும் அதற்குள் இடம் பிடித்தது. அந்தக் கட்டடத்தின் சூட்சுமம் பேனலைவிடச் சிக்கனத்தில் இருக்கிறது. முதலில் செலவைக் குறைத்தார்கள், பிறகு மிஞ்சிய தேவைக்குப் பேனல் வைத்தார்கள். நம் ஊரில் வழக்கமாக இது தலைகீழ்.

பேனல் மின்சாரத்துக்காக மலையைத் தேட வேண்டியதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ராமநாதபுரத்துக் கமுதியில் 648 மெகாவாட் ஒரே இடத்தில் நிற்கிறது. மசினகுடிச் சமவெளியில் வெயில் இருக்கிறதே என்று யாராவது கண் வைத்தால், அது யானை வழித்தடம். சீகூர் வழித்தடம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பே சொல்லிவிட்டது. மலைக்குப் பொருந்துவது ஆலைக் கூரைதான். 1990-களிலேயே தென்னிந்தியத் தேயிலை ஆலைகள் சிலவற்றின் கூரையில் சூரியக் காற்றுச் சூடேற்றி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். தகரக் கூரைக்கும் அதன் மேல் கண்ணாடிக்கும் நடுவே காற்றை இழுத்து, கொஞ்சம் சூடான அந்தக் காற்றையே விறகு ஹீட்டருக்கு அனுப்புவது. எளிமையான யோசனை, விறகும் மிச்சம். ஆனாலும் ஊரெல்லாம் பரவவில்லை. ஏன் பரவவில்லை என்று ஆலை ஆலையாகப் போய் விசாரித்து எழுதினாலே ஒரு நல்ல முனைவர் பட்டம் வாங்கலாம்.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயே பேனல் போடுவது இன்னொன்று. ஜப்பானில் செய்கிறார்கள். நிழல் தேயிலைக்கு ஆகும், நாமும் மலையில் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக் மரத்தை நிழலுக்காகத்தானே வைத்திருக்கிறோம் என்று வாதம் செய்யலாம். ஆனால் மழைக்காலத்தில் வெயில் குறைந்தால் கொப்புள நோய் ஏறும் என்பது கொழுந்து பறிக்கிற எல்லாருக்கும் தெரியும். பேனல் நிழல் நிரந்தர நிழல்; சவுக்கைப் போலக் கவாத்து செய்து வெளிச்சம் விட முடியாது. பிப்ரவரியில் லாபம், ஆகஸ்டில் நோய். இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்து மூன்று நான்கு வருஷம் பார்த்தால்தான் விடை கிடைக்கும். இந்தக் கேள்வியையெல்லாம் கேட்பதற்குக்கூட ஆராய்ச்சியாளர் மலையில் குடியிருக்க வேண்டும்.

எரிபொருள் பக்கம் இன்னொரு பெரிய விஷயம், உண்ணிச்செடியும் சீகையும். காட்டைப் பிடித்துக்கொண்ட இந்த வெளிச்செடிகளை அகற்றும் வேலை நடக்கிறது. அகற்றியதை என்ன செய்வது? நறுக்கி அழுத்திக் கட்டிகளாக்கி ஆலைகளுக்கு விறகுக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நறுக்கிய உண்ணிச்செடி லேசானது. லாரி கொள்ளளவு நிறைந்துவிடும், எடை ஏறாது, டீசல் செலவு தின்றுவிடும். காட்டின் ஓரத்திலேயே அழுத்த வேண்டும், அதற்கு இயந்திரம், மின்சாரம், யானை பயமில்லாத இடம். அப்புறம் ஒன்று: இந்தச் செடிக்கு விலை வந்துவிட்டால், அது ஒழிய வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள். ஒழிக்க வேண்டிய செடியை நம்பி ஒரு தொழிலைக் கட்டுவதில் இருக்கும் சிக்கல் இது. எந்த வருஷத்தோடு அந்த எரிபொருள் தீரும் என்பதையும் கணக்கில் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

நீர்மின்சாரத்தில் இப்போது பேச்சு முழுக்க நீரேற்று மின்நிலையம் பற்றித்தான். குந்தாவில் 500 மெகாவாட், தலா 125-ல் நான்கு இயந்திரம். போர்த்திமந்து மேல் அணை, அவலாஞ்சி-எமரால்டு கீழ் அணை. பகலில் சமவெளி சோலார் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, ராத்திரி உச்சநேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. நூறு யூனிட் போட்டால் எழுபத்தைந்து, எண்பது திரும்பக் கிடைக்கும். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட்டில் 1980-களின் கடைசியிலிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. இதற்குள் பல்கலைக்கழகம் மூக்கை நுழைக்க என்ன இருக்கிறது? நிறைய. நீர்மட்டம் தினமும் ஏறி இறங்கினால் கரை மண் என்ன ஆகும், அணைகளில் எவ்வளவு வண்டல் சேருகிறது, சரிவுகளில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதால் ஆண்டுக்கு எத்தனை மண் இறங்குகிறது. மண், நீர் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் ஊட்டியிலேயே 1950-களிலிருந்து இருக்கிறது. மின்வாரியப் பொறியாளரையும் அந்த மண் ஆராய்ச்சியாளரையும் எமரால்டு விவசாயியையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் நீங்கள் சொன்ன கூட்டு ஆராய்ச்சி. கட்டடத்தில் அந்த மேசைக்குத்தான் நான் முதலில் இடம் கேட்பேன்.

மின்சாரப் பேருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 டன் பேருந்து ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அதில் அடங்கியிருப்பது 78 யூனிட் ஆற்றல். இன்றைக்கு அத்தனையும் எஞ்சினிலும் பிரேக் லைனிங்கிலும் சூடாகக் கரைகிறது. பர்லியாறில் பேருந்து நின்றால் மூக்குக்கே தெரியும். மின்சாரப் பேருந்து அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்ப முடியும். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. ஊட்டியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நிறைந்த பேட்டரியோடு காலையில் இறக்கினால், திரும்பி வரும் ஆற்றலை வைக்க இடமே இருக்காது. ஆகவே சார்ஜ் நிலையத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா, எத்தனை விழுக்காட்டில் நிறுத்துவது என்பதெல்லாம் மலைக்கென்று தனியாகப் போட வேண்டிய கணக்கு. கோயம்புத்தூர் நகரப் பேருந்துக்கு எழுதிய விதி இங்கே உதவாது.

"ஏன் இங்கே?" என்ற கேள்விக்கு நீலகிரியிலேயே ஒரு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. முத்தோரையில் 1970-லிருந்து இயங்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இடம் தேடியபோது, ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார். சரிவே கருவியின் ஒரு பாகமாகிவிட்டதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பி வானப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. வேறெங்கும் வைத்தால் இவ்வளவு எளிதாக அமைந்திருக்காது. தூய ஆற்றல் கட்டடமும் இப்படி இந்த இடத்தைக் கருவியாகப் பயன்படுத்தினால்தான் அர்த்தம்.

பழனி மலையில் வைக்கலாமே என்றும் சிலர் சொல்லக்கூடும். கோடைக்கானலில் 1984-லிருந்து அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இருக்கிறது. அந்த வகையில் கோடைக்குத் தகுதி கூடுதல். நீலகிரிக்கென்று தனிப் பல்கலைக்கழகம் கிடையாது, ஊட்டி அரசு கலைக் கல்லூரியே கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் தேயிலை ஆலையும் நீர்மின்நிலையமும் இங்கே குவிந்திருப்பது போல அங்கே இல்லை. கோடையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் எச்சரிக்கை. அங்கே இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடிய பிறகும் பாதரசம் சோலை மண்ணை விட்டுப் போகவில்லை. பேட்டரி ஆராய்ச்சி, ரசாயனப் பூச்சு ஆராய்ச்சி எல்லாம் நீரூற்றுகளின் தலைமாட்டில் வேண்டவே வேண்டாம். அதைச் சமவெளியில் வைத்துக்கொள்ளட்டும். இந்த விஷயத்தில் மட்டும் உங்கள் "கோயம்புத்தூரில் போதாதா" முழுக்கச் சரி.

இனிக் கட்டடம். நீலகிரியில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போக முடியாது, மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் அனுமதி வேறு வேண்டும். இதைத் தொல்லை என்று பேசுகிறவர்கள் 2009 நவம்பரை மறந்துவிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை மண்சரிவு கொண்டுபோனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சரிவைச் செங்குத்தாக வெட்டி ஜேசிபி இறக்கிய இடத்தில் தூய ஆற்றல் என்று பலகை மாட்டினால் சிரிப்புத்தான் வரும்.

தாழ்வாக, ஒல்லியாக, சமஉயரக் கோட்டை ஒட்டி நீளவாக்கில் கட்டினால் போதும். அமெரிக்காவின் கோல்டன் நகரில் 2010-ல் திறந்த தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் அலுவலகத்தையும் அப்படித்தான் 60 அடி அகலத்துக்குள் ஒல்லியாக நீட்டினார்கள், சன்னல் வெளிச்சம் எல்லா மேசைக்கும் எட்ட வேண்டும் என்று. மூடுபனி வெளிச்சம் கண் கூசாத, நிழல் விழாத வெளிச்சம்; படிக்க எழுத அதைவிட நல்லது கிடையாது. குளிருக்குத் தெற்குச் சன்னல். டிசம்பர் நண்பகலில் ஊட்டிச் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்பதால் வெயில் அறைக்குள் விழும். ஜூனில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரிக்குப் பிடித்துவைக்கக் கனமான சுவர், கூரைக்கடியில் காப்பு. உறைபனி ராத்திரியில் ரூம் ஹீட்டர் போடாமல் சமாளிக்கிற கட்டடம் ஒன்று நின்றுவிட்டால், ஊரில் வீடு கட்டுகிறவர்கள் தாமாகவே வந்து பார்ப்பார்கள். குரங்கு பேனல் மேல் ஏறி ஒயரைப் பிடுங்காமல் இருக்க என்ன செய்வது என்பதையும் கண்டுபிடித்துச் சொன்னால் பாதி மாவட்டம் கும்பிடும்.

புதுக் கட்டடமே வேண்டுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். இந்து நகரில் 1960-களில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக்கிடக்கிறது. நிலத்தைப் பற்றிய பேச்சு தனி. ஆனால் அப்படிப்பட்ட பழைய தொழிற்கூடம் ஒன்றைச் சீர்செய்தால், உயரமான கூரை, லாரி வரும் வழி, மின்இணைப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ட்ரையர் வைக்கப் பளிங்குத் தரை தேவையில்லை. ஓடாமல் நிற்கிற ஒரு தேயிலை ஆலையை வாடகைக்கு எடுத்தால் அதைவிட நல்லது. சிமென்ட், கம்பி, மண் வெட்டுதல் மூன்றும் மிச்சம்.

பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், கட்டடத்துக்குப் பாதிக்கும் குறைவு. மிச்சத்தை அளவுக் கருவிக்கும், அதைப் பராமரிக்கிற ஆட்களின் சம்பளத்துக்கும் வைக்க வேண்டும். தேவாலா, ஊட்டி, கோத்தகிரி, மசினகுடி நான்கிலும் வெயில்மானி வைத்துப் பத்து வருஷம் விடாமல் பதிவு செய்தாலே அது பெரிய சொத்து. அப்புறம், வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறந்துவைத்து, கூட்டுறவு ஆலை மேலாளரோ சிறு தேயிலை விவசாயியோ "எங்கள் ஹீட்டர் விறகு அதிகம் தின்கிறது, வந்து பாருங்கள்" என்று வந்தால் ஆளை அனுப்ப வேண்டும். தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியும் தேயிலை வாரியமும் குன்னூரில் இருக்கின்றன, வயநாடும் சாமராஜநகரும் பக்கத்தில் இருக்கின்றன. இவர்களை ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கில் பொன்னாடை போர்த்தி அனுப்பினால் கூட்டு ஆராய்ச்சி ஆகாது. எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற குழுவில் அவர்களுக்கு ஓட்டு இருக்க வேண்டும்.

உங்கள் மகள் விஷயம். இப்படி ஒரு கட்டடம் வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டாம். மின்பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வெப்பவியலைப் பக்கத்துத் துறைப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மலையில் வேலை வேண்டுமென்றால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டு டிரைவ், அளவுக் கருவி ஆகியவற்றோடு காற்றின் ஈரப்பத வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மின்பொறியாளர் இங்கே அபூர்வம். பட்டம் முடித்துக் கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததும் மத்திய அரசின் ஆற்றல் திறன் வாரியம் நடத்தும் ஆற்றல் தணிக்கையாளர் தேர்வை எழுதலாம். அந்தச் சான்றிதழுக்குத் தேயிலை ஆலையில் மட்டுமில்லை, ஓட்டல், மருத்துவமனை எல்லாவற்றிலும் மதிப்புண்டு.

கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு உங்கள் ஊர் ஆலையையே கேட்டுப் பாருங்கள். கொழுந்து போடுகிற விவசாயி வீட்டுப் பிள்ளை என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விறகின் ஈரம், ஹீட்டர் புகையின் சூடு, ட்ரையருக்குள் போகும் காற்று, வெளியே வரும் காற்று, அன்றைக்கு எரிந்த விறகு, அன்றைக்கு எடுத்த தூள். ஆறே அளவு. நவம்பர் மழையில் ஒரு வாரம், பிப்ரவரி வெயிலில் ஒரு வாரம் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கி எழுதச் சொல்லுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரும் விறகு ஈரமானியும் விலை அதிகமில்லை. புகை நாளத்தில் அளக்கும்போது மட்டும் ஹீட்டர்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார்.